கொட்டகலையில் நெஞ்செரிச்சல்

கொழும்பு கோட்டையிலிருந்து காலை எட்டரை மணி ரயிலில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. திருச்சியில் என்னோடு கல்லூரியில் படித்த ஸ்டெல்லாவைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். கொட்டகலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் அவள் ஆசிரியை. சந்தித்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. நான்கு நாள் அவள் வீட்டில் தங்கி நுவரெலியாவையும் அருவிகளையும் பார்ப்பதாகத் திட்டம்.

நாவலப்பிட்டியைத் தாண்டியதும் ரயில் வளைந்து வளைந்து மலை ஏறியது. அதே நேரம் என் நெஞ்சுக்குள்ளும் ஏதோ எரிந்துகொண்டு மேலே ஏறியது. வழியில் வாங்கித் தின்ற இறால் வடையாக இருக்கலாம். நான் மார்பைத் தேய்ப்பதை எதிர் இருக்கைக்காரர் கவனித்தார். ஹட்டனில் துணிக்கடை வைத்திருப்பவராம்.

“கேஸ்ட்ரைட்டிஸ்தான் மேடம், வயித்துப் புண்ணு. இந்தப் பக்கம் நெறையப் பேருக்கு இருக்கு. வெறும் வயித்துல தேத்தண்ணி குடிக்கிறதால வர்றது” என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, “இஞ்சி போட்டு ஒரு பிளேன்டீ குடிங்க, சரியாயிடும்” என்றார். தேநீர் நோயா மருந்தா என்று கேட்க நினைப்பதற்குள் ஹட்டன் வந்து அவர் இறங்கிவிட்டார். அடுத்த நிறுத்தம்தான் கொட்டகலை.

மதியம் தாண்டியிருந்தும் பனிமூட்டம் விலகவில்லை. ஸ்டெல்லா குடையோடு நின்றாள். ரயிலில் நெஞ்சு எரிந்ததை அவளிடம் சொல்லிக்கொண்டே நடந்தேன். அவள் வீடு பிரதான வீதிக்கு மேலே, தேயிலைச் செடிகளுக்கு நடுவே செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் இருந்தது. பாதி வழியில் அவள் நின்று, கைப்பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து வாயில் போட்டுச் சப்பினாள்.

“என்னடி?”

“ஒனக்கு வந்ததுதான். நெஞ்சு எரியும். மாத்திரை சப்பினா அடங்கிடும். வா, போவோம்.”

ஒரே வயது, ஒரே கோளாறு என்று இருவரும் சிரித்துக்கொண்டோம். இரவுச் சாப்பாட்டுக்குச் சுடச்சுட ரொட்டியும், காய்ந்த மிளகாயை இடித்த கட்டசம்பலும். உறைப்பில் கண்ணில் நீர் வந்தது, ஆனாலும் கையை நிறுத்த முடியவில்லை. படுத்தவுடன் புளித்த நீர் தொண்டைவரை வந்தது. எழுந்து உட்கார்ந்தால் குறைந்தது, படுத்தால் திரும்பவும் வந்தது. என் அப்பா மாரடைப்பில் போனவர். விடிந்ததும் ஸ்டெல்லாவிடம், “எனக்குப் பயமா இருக்கு” என்றேன்.

“கேஸ்ட்ரைட்டிஸுக்கு யாராச்சும் பயப்படுவாங்களா? சரி வா, காட்டிட்டு வந்துடுவோம்.”

ஹட்டன் பக்கம் ஆறேழு கிலோமீட்டர், த்ரீவீல் ஆட்டோவில் போனோம். ஆஸ்பத்திரியில் ஒரு சிங்களப் பெண் டொக்டர் இருந்தார். தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசினார். முதலில் எனக்கு ஈசிஜி எடுத்தார்கள். அதைப் பார்த்துவிட்டு, எப்போது எரிகிறது, குனிந்தாலா, படுத்தாலா, வாயில் புளிப்பு வருகிறதா என்று கேட்டார். பிறகு ஒரு தாளில் இரைப்பையை வரைந்தார்.

“இது மேல ஒரு வாசல். சாப்பாடு எறங்கினதும் மூடணும். உங்களுக்குச் சரியா மூடல்ல. அமிலம் மேல வருது. உறைப்பு, தேத்தண்ணி, கொறைங்க. சாப்பிட்டு மூணு மணித்தியாலம் படுக்க வேணாம். கட்டில் தலைப்பக்கம் உயர்த்துங்க.” ஒரு மாத்திரையும் எழுதினார்.

நிம்மதியாக எழுந்தேன். ஸ்டெல்லா சிரித்தபடி, “நான்தான் சொன்னேனே டொக்டர். எனக்கும் இதேதான், ரெண்டு மாசமா” என்றாள்.

“உங்களுக்கும் படுத்தாத்தான் எரியுதா?”

“இல்ல, வீட்டுக்கு மேடு ஏறுறப்ப.”

“சாப்பிட்டதும்?”

“சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் ஏறுறப்பத்தான். கொஞ்சம் நின்னா போயிடும்.”

“தாடை, கை வலிக்குமா?”

“தாடை இழுக்கும். பல்லுன்னு நெனச்சேன்.”

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். சிங்களத்தில் தாதியிடம் வேகமாக ஏதோ சொன்னார். ஸ்டெல்லாவுக்குச் சிங்களம் தெரியும், அவள் முகம் மாறியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு ஈசிஜி எடுத்த கட்டிலிலேயே அவளைப் படுக்கவைத்து அதே வயர்களை ஒட்டினார்கள். தாள் வெளியே வந்ததும், “இனி நடக்கக்கூடாது” என்று சொல்லிச் சக்கர நாற்காலியைக் கொண்டுவந்தார்கள். தன் காலில் நடந்து என்னை அழைத்து வந்தவள் அதில் உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். கண்டிக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள்.

அவள் கணவர் அந்தோனி வேலையிலிருந்து ஓடி வந்தார். கையில் மருந்துப் பொட்டலத்தோடு நின்ற என்னிடம், “உங்களுக்கு என்னங்க ஆச்சு?” என்று கேட்டார்.

“எனக்கு ஒண்ணுமில்ல. ஸ்டெல்லாவுக்குத்தான்.”

“அவளுக்கா? அவ உங்களக் கூட்டிட்டுத்தானே வந்தா?”

ஆம்புலன்சில் ஏறும்வரை இதையே திரும்பத் திரும்பக் கேட்டார்.

கண்டியில் சோதித்ததில் இதயத்துக்குப் போகும் ஒரு ரத்தக்குழாய் பெரும்பகுதி அடைபட்டிருந்தது. அடைப்பை விரித்து ஸ்டென்ட் வைத்தார்கள். நுவரெலியாவை நான் பார்க்கவே இல்லை. அந்தோனியோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் உப்புப் பிஸ்கட் தின்றதுதான் என் சுற்றுலா.

நான் புறப்படும் நாளில் ஸ்டெல்லாவுக்கு முகம் தெளிந்திருந்தது. ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: “மாத்திரை சப்புறதுக்குன்னு நிப்பேன்ல? மாத்திரையாலதான் அடங்குதுன்னு நெனச்சேன்டி. நின்னதாலதான்னு இப்பத்தான் வெளங்குது.”

“நான் பயப்படாம இருந்திருந்தா?”

“அதக் கேக்காத” என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

திருச்சிக்குத் திரும்பிவிட்டேன். கட்டிலின் தலைப்பக்கம் இரண்டு செங்கல் வைத்திருக்கிறேன். எங்கள் தெரு தட்டையானது. ஏறிப் பார்த்து நெஞ்சைச் சோதிக்க இங்கே மேடு இல்லை. ஸ்டெல்லா இந்த ஊரிலேயே தங்கியிருந்தால் அவளுக்கு அந்த வலி வராமலே, அடைப்பு தெரியாமலே இருந்திருக்கலாம். அது நல்லதா கெட்டதா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

போன வாரம் மறுபடி எரிந்தது. சாப்பிட்டதாலா, நடந்ததாலா என்று டொக்டர் கேட்டதுபோல என்னையே கேட்டுக்கொண்டேன். சாப்பிட்டுவிட்டுக் கடைவீதிவரை நடந்துவிட்டு வந்திருந்தேன். யோசிப்பதை விட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு டாக்டரைப் பார்க்கக் கிளம்பினேன்.