கபுர்மேல் நட்ட நித்தியகல்யாணி

என் மனைவி மௌத்தானது மழை பொய்த்த வருஷத்தில். கொழும்பில் கடையைக் கூட்டாளியை நம்பி விட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்திருந்தேன். அவளை அடக்கிய கையோடு திரும்பியாக வேண்டும் என்ற அரிப்பு எனக்கு. எங்களவர்கள் அடக்கி மண் குவித்த கபுர்மேல் ஒரு பச்சைச் செடி நடுவார்கள். அது வாடாமல் நிற்கும்வரை அல்லாஹ்வைத் துதித்துக்கொண்டிருக்கும், மண்ணுக்கடியில் இருப்பவருக்கு அது ஆறுதல் என்று நம்பிக்கை. எந்தச் செடி நடுவது என்பதில்தான் பேச்சு வந்தது.

மாமியார் கொல்லையிலிருந்து ஒரு மல்லிகைப் பதியனை மண்ணோடு கொண்டுவந்தார்.

"இதை வைங்க மாப்ளே. அவ கையால வளத்தது."

"தண்ணி யாரு ஊத்துவா மாமி? குடிக்கவே கெணத்துல தண்ணியக் காணோம்."

"எம்மவன் ஊத்துவான். வெள்ளிக்கெழம தோறும் போறவன்தானே."

என் மனைவிக்கு மச்சான் தண்ணீர் ஊற்றவா! எனக்கு வீம்பு தலைக்கேறியது. ஊற்ற நான் இருக்கப்போவதில்லை, ஊற்ற இன்னொருத்தரை விடவும் மனமில்லை. மருதாணி என்றார்கள், அதற்கும் வேர் பிடிக்கும்வரை தண்ணீர் வேண்டும். கடைசியில் வன்னியம்பட்டிப் பாதையோரம் நித்தியகல்யாணியைப் பார்த்தேன். அத்தனை காய்ச்சலிலும் இளஞ்சிவப்பாகப் பூத்துக் கிடந்தது. ஆடு வாய் வைக்காது. வெயிலுக்கு மசியாது. ஒருதரம் நட்டால் பொறவு திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. ஏதோ பெரிய சாமர்த்தியம் செய்தவன்போல இதை மச்சானிடம் சொல்லவும் செய்தேன்.

"தலைமாட்டுக்குக் கல்லு?" என்று கேட்டார் அவர். கல் கொத்துபவர் மம்சாபுரத்துக்கு வேலைக்குப் போயிருந்தார். அவர் வரும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை ஏது? "செடிதான் இருக்கே, அதைவிடவா அடையாளம்?" என்று வண்டியேறிவிட்டேன்.

திரும்பி வந்தது மகளின் நிக்காஹ்வுக்கு. சிறுபிள்ளையாக விட்டுப்போனவள், மருதாணிக் கையோடு என் முன்னால் நின்றாள். மாமியாரும் இல்லை; மச்சான் பிழைப்புத் தேடி ரங்கூன் போய்விட்டார். எங்கள் பெண்கள் கபுர்ஸ்தானுக்குப் போவதில்லை. அதனால் என்னிடம் சொன்னாள்:

"நீங்க போயி அம்மாட்டச் சொல்லிட்டு வாங்க அத்தா. ஒம் மகளுக்கு நாளைக்குக் கல்யாணம்னு."

போனேன். வாசலிலேயே கால் நின்றுவிட்டது. கபுர்ஸ்தான் முழுக்க நித்தியகல்யாணி. நான் நட்ட ஒரு செடி விதை தெறித்து, கபுருக்குக் கபுர் தாவி, மதிலோரம்வரை பூத்துக் கிடந்தது. கபுர்மேல் முளைத்த பச்சையைப் பிடுங்கக்கூடாது என்று யாரும் அதைத் தொடவில்லை. மழையில் மண்மேடுகள் அமுங்கி ஒன்றோடொன்று கலந்திருந்தன. கல் உள்ளவர்களுக்குக் கல் இருந்தது. என்னவளுக்குச் செடிதான், அந்தச் செடி இப்போது எல்லோருக்கும் இருந்தது.

அடக்கிய அன்று பக்கத்தில் நின்ற வேப்பமரத்திலிருந்து எட்டு வைத்து அளந்து பார்த்தேன். மரமும் அந்த மரம்தானா என்று சந்தேகம் வந்தது. காவல்காரரைக் கேட்டேன்.

"எல்லாம் ஒரே பூவால்ல கெடக்கு. நான் என்னத்தக் கண்டேன்?" என்றார்.

அடப்பாவி, பெண்டாட்டியைத் தொலைத்துவிட்டாயேடா என்று என்னையே திட்டிக்கொண்டேன். யார் தலைமாட்டில் நின்று யாரிடம் சொல்வது? பொதுவாக எல்லோருக்கும் ஒரு பாத்திஹா ஓதினேன். மகள் சொல்லியனுப்பியது மட்டும் வாயிலிருந்து வரவில்லை.

வீட்டில் கதவுக்குப் பின்னால் காத்திருந்தாள்.

"சொன்னீகளா அத்தா?"

"சொன்னேன்மா."

"செடி நல்லாயிருக்கா?"

"நல்லா இருக்கு. நெறையப் பூத்திருக்கு."

"பக்கத்துல நின்னுதானே சொன்னீக? தூரத்துல நின்னு சொல்லலியே?"

"பக்கத்துலதான்மா" என்றேன். மருதாணி அழியாமல் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பன்னா அம்மாவுக்குக் கேட்டிருக்கும்" என்று சிரித்தாள்.