அத்தை கழற்றிய தலைக்கவசம்

மருமகளுக்குப் பீரோக்காரம்மா கொடுக்க வேண்டிய கடன் முப்பதாயிரம். சுற்றி வளைக்காமல் சொன்னால் சங்கதி அவ்வளவுதான். பீரோக்காரம்மாவின் லாரி எஞ்சின் கைவிட்ட மாதத்தில், புதுக் கம்ப்யூட்டர் வாங்க இரண்டு வருடமாகச் சேர்த்த பணத்தை மருமகள் அப்படியே எடுத்து நீட்டினாள். எஞ்சின் மறுபடி ஓடி எட்டு மாதமாயிற்று. கடன் பணமும் சேர்ந்துவிட்டது. ஆனால் மருமகள் வாங்க மாட்டேன் என்கிறாள்.

"வீட்டுக்குக் குடுத்த காசை யாராவது திருப்பி வாங்குவாங்களா அத்தை?"

அன்பாகத்தான் சொன்னாள். ஆனால் பீரோக்காரம்மாவுக்கு அது தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் அவள். பதினேழு வயதில் வீடு மாறுகிறவர்களின் சாமான்களைத் தூக்கத் தொடங்கி, நாற்பதில் சொந்த லாரி வாங்கினாள். மூன்றாம் மாடியிலிருந்து ஓர் இரும்பு பீரோவை ஒரே ஒரு ஆளைத் துணைக்கு வைத்து இறக்கியதால் வந்த பெயர்தான் பீரோக்காரம்மா. அந்த ஆளும் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டான் என்பாள். அவனைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வான். அவனை யார் கேட்கப் போகிறார்கள்? எவருடைய காசும் தன் மடியில் தங்கியதில்லை என்பதுதான் அவள் நெஞ்சை நிமிர்த்தி நடந்ததற்குக் காரணம். இப்போது சொந்த வீட்டில், சோபாவில் உட்காரும்போதுகூட கடன்காரி மாதிரி ஓரமாக உட்கார்ந்தாள்.

முழங்கால் வீங்கி மூன்று வாரம் வேலைக்குப் போகாமல் இருந்தபோதுதான் அந்த விளையாட்டு அவள் கண்ணில் பட்டது. மருமகளின் பழைய கம்ப்யூட்டர் மாவு மில் மாதிரி இரைந்துகொண்டிருந்தது. திரையில் கவசம் போட்ட ஒருவன் நடந்தான். கோட்டை வாசலில் சம்மட்டியோடு நின்ற ஒரு ராட்சசன் அவனை ஒரே போடாகப் போட்டான்.

"இதென்னடி, ஒரு காவக்காரனைத் தாண்ட முடியலையா உன்னால?"

"நீங்க தாண்டிப் பாருங்க, தெரியும்."

"தாண்டிட்டா?"

மருமகள் சிரித்தாள். "தாண்டிட்டா அந்த முப்பதாயிரத்தை வாங்கிக்கிறேன். ஆனா நான் கை வைக்க மாட்டேன், நீங்களே ஆடித் தாண்டணும்."

விளையாட்டுக்குச் சொன்ன வார்த்தை. பீரோக்காரம்மா அதை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டாள்.

முதல் நாள் அவள் செய்தது, சாமான் தூக்குகிற யாரும் செய்கிற காரியம். விளையாட்டின் கவசப் பெட்டியில் இருந்ததிலேயே கனமானதை எல்லாம் எடுத்து மாட்டினாள். இரும்புத் தலைக்கவசம், இரும்பு மார்புக்கவசம், இரும்புக் கால்கவசம், கையில் கதவு அளவுக்கு ஒரு கேடயம்.

"தலைக்குப் போட்டது தலையை மட்டும் காப்பாத்துமா?"

"இல்ல அத்தை. எதைப் போட்டாலும் மொத்த உடம்புக்கும்தான். எல்லாம் ஒரே கணக்கு."

"அட, நல்ல கூட்டுக்குடும்பமா இருக்கே!"

ராட்சசன் சம்மட்டியை இறக்கினான். கேடயத்துக்குப் பின்னால் நின்று தாங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வோர் அடிக்கும் திரையின் மேலே இருந்த பச்சைக் கோடு குறைந்தது. நான்காவது அடியில் கோடு தீர்ந்தது, கை தளர்ந்தது, ஆளும் தீர்ந்தான்.

"அந்தப் பச்சைதான் உங்க மூச்சு அத்தை. கேடயத்துல வாங்குற அடி உடம்புல படாது, ஆனா மூச்சைத் தின்னும். உருண்டு தப்பிக்கணும்."

"உருளுறதா? நானா? நான் எவன் கால்லயும் உருண்டு புரண்டவ இல்லடி!"

அந்த ஒரு வார்த்தைதான் அவளைப் பத்து நாள் பிடித்து நிறுத்தியது. உருளுவதற்கு ஒரு பொத்தான் இருந்தது. விரல் அதன் பக்கம் போகவே மறுத்தது. மறுநாள் தோல் உடுப்பு மட்டும் போட்டுப் பார்த்தாள். வேகமாக ஓடினாள், ஒரே அடியில் போனாள். திரும்பவும் இரும்புக்கே வந்தாள். ஒருமுறை வேண்டாவெறுப்பாகப் பொத்தானை அமுக்கினாள். அத்தனை இரும்போடு அவளுடைய கவசக்காரன் உருண்டது, லாரியிலிருந்து விழுந்த சிமெண்டு மூட்டை மாதிரி இருந்தது. அவன் எழுவதற்குள் சம்மட்டி வந்துவிட்டது.

சாப்பிட வந்த மகன் எட்டிப் பார்த்தான். "அம்மா, எத்தனாவது தடவை?"

"முப்பத்தெட்டு."

"அவன்கிட்டயே பேசிப் பாரேன். சாமான் இருந்தா நாமளே இறக்கித் தர்றோம்னு சொல்லு."

"சோத்தைத் தின்னுட்டு வண்டியை எடுடா!"

ஞாயிற்றுக்கிழமை பகலில், மகன் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தபோது, அவள் விளையாடாமல் கவசப் பெட்டியை மட்டும் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் எண்.

"இது என்ன நம்பர்?"

"எடை. உங்களால தூக்க முடியுற எடை நூறுன்னா, எழுபதுக்குள்ள இருந்தாத்தான் நல்லா உருள முடியும். நீங்க போட்டிருக்கிறது தொண்ணூத்தி நாலு."

பீரோக்காரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எடைன்னு மொதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

ஒரு வீட்டு வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தே, எத்தனை ஆள், எத்தனை நடை என்று சொல்கிறவள் அவள். தொண்ணூற்று நான்கு என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. தூக்க முடியும், ஆனால் படியில் கால் வழுக்கினால் விலக முடியாது. அப்படிச் சுமை ஏற்றிக்கொள்கிற ஆளை அவள் அன்றைக்கே கூலி கொடுத்து அனுப்பிவிடுவாள்.

தலைக்கவசத்தைக் கழற்றினாள். கதவுக் கேடயத்தை வைத்துவிட்டுச் சின்ன வட்டக் கேடயத்தை எடுத்தாள். மார்பில் இரும்பு இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, காலுக்குத் தோல் மாட்டினாள். வாய்க்குள் கணக்குப் போட்டாள். அறுபத்தெட்டு.

"கேடயம் சின்னதாப் போச்சே அத்தை. சம்மட்டியைத் தாங்காது."

"எவ தாங்கப் போறா?"

ராட்சசன் சம்மட்டியை ஓங்கினான். பின்வாங்கினாள். நீளச் சம்மட்டி, எட்டிப் பிடித்துவிட்டது. பாதி உயிர் போயிற்று. அப்போதுதான் அவள் அதை நன்றாகப் பார்த்தாள். சம்மட்டியின் தலை விழுவதெல்லாம் தூரத்தில். அவன் முழங்காலுக்குப் பக்கத்தில் தரையில் ஒரு கீறல்கூட இல்லை.

படியில் பீரோ சரியும்போது புது ஆள் பின்னால் தாவுவான். பீரோ அவன்மேல் வரும். பழகிய ஆள் பீரோவோடு உடம்பைச் சேர்த்து ஒட்டி நிற்பான். அவளுடைய ஆட்களுக்கு அதற்கு ஒரே ஒரு சொல்தான். நாற்பது வருடமாக மாடிப்படிகளில் அவள் கத்திய சொல்.

சம்மட்டி மறுபடி ஓங்கியது.

"உருளுங்க அத்தை!"

"உருள மாட்டேன். ஒட்டு!"

உருளுகிற பொத்தானையே அமுக்கினாள். பின்னால் அல்ல, ராட்சசனை நோக்கி. சம்மட்டி அவள் முதுகுக்குப் பின்னால் தரையைப் பிளந்தது. அவள் அவன் முழங்காலோடு முழங்காலாக நின்று இரண்டு வெட்டு வெட்டினாள். அவன் திரும்பினான், கூடவே திரும்பினாள். காலைத் தூக்கி மிதிக்க வந்தபோது மட்டும் சின்னக் கேடயத்தில் ஓர் அடி வாங்கினாள். பச்சைக் கோடு பாதிக்கு இறங்கி, மெல்ல ஏறியது. ஏறும் வரை வெட்டவில்லை. சுமையோடு படியில் நின்று மூச்சு வாங்குகிற மாதிரி வாங்கினாள். "ஒட்டு... ஒட்டு..." என்று முனகிக்கொண்டே, "பாத்துடா, சுவத்துல இடிச்சுடாதே" என்றும் ஒருமுறை சொன்னாள். யாருக்குச் சொன்னாளோ.

ராட்சசன் மண்டியிட்டு, மணலாக உதிர்ந்து போனான். கோட்டைக் கதவு திறந்தது.

மருமகள் வாயில் கைவைத்து நின்றாள். "நான் ரெண்டு மாசமா அவனைவிட்டுத் தள்ளித் தள்ளி ஓடிட்டு இருந்தேன் அத்தை!"

"தள்ளி ஓடினா எடுபடுமா? நாளைக்கு லாரிக்கு வா, பீரோ தூக்கக் கத்துத் தர்றேன்," என்று சொன்னவள், முழங்கால் வலியையும் மறந்து எழுந்து போய், அலமாரியிலிருந்து ரப்பர் வளையம் போட்ட நோட்டுக் கட்டை எடுத்து வந்தாள்.

"அத்தை, பாதி போதும்..."

"பேச்சு பேச்சா இருக்கணும். கையை நீட்டு."

மருமகள் சிரித்துக்கொண்டே உள்ளங்கையை விரித்தாள். பீரோக்காரம்மா சோபாவின் நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கட்டைவிரலை நாக்கில் தொட்டு, ஐந்நூறு ஐந்நூறாக, வாசலில் லாரி கழுவுகிற மகனுக்கும் கேட்கிற குரலில் எண்ணி, அறுபதாவது நோட்டையும் அந்தக் கையில் வைத்தாள்.