உம்மா வடிகட்டிய குளத்துத் தண்ணீர்

அறுபதுகளின் நடுவில், சிதம்பரத்தில் நான் பி.எஸ்ஸி. விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். எகாலஜி செய்முறைத் தேர்வுக்குக் குளத்துத் தண்ணீரை நாங்களே கொண்டுபோக வேண்டும். அதிலுள்ள உயிர்களை மைக்ராஸ்கோப்பில் காட்டி, எது எதைத் தின்று வாழ்கிறது என்று சொல்ல வேண்டும். பாடமெல்லாம் நெட்டுருப் போட்டாயிற்று; தண்ணீர்தான் பாக்கி.

முந்தின நாளே பரங்கிப்பேட்டையில் என் தோழி வீட்டுக்குப் போய்விட்டேன். அவர்கள் தெருவிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் பெண் அவள். ஒரு பாடத்தில் தவறினாலும் படிப்பு போதும், நிக்காஹ்தான் என்று மலாயாவில் கடை வைத்திருந்த அவளுடைய வாப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். விடிந்ததும் குளத்துக்குப் போய், பாசியோரமாகப் பார்த்து ஒரு கண்ணாடி ஜாடி நிறைய மொண்டு வந்தோம்.

குளித்துச் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், ஜாடித் தண்ணீர் பளிங்காக இருக்கிறது!

"பரீட்சைக்குப் போற புள்ளைங்க இந்தப் பாசித் தண்ணியவா குடிக்கிறது? துணிய நாலா மடிச்சு வடிகட்டி வெச்சிருக்கேன்" என்றார் அவளுடைய உம்மா, முகமெல்லாம் சிரிப்பாக.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது, மறுபடி குளத்துக்கு ஓட முடியாது. போச்சு, எல்லாம் போச்சு என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். தோழியோ உம்மாவை ஒரு சொல் சொல்லவில்லை.

"உம்மா, அந்தத் துணி எங்க?"

"கெணத்தடியில கெடக்கு. இனிமேதான் அலசணும்."

ஓடினாள். ஜாடியில் முக்கால்வாசித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஈரம் காயாத துணியைத் திருப்பி மீதித் தண்ணீரில் உதறி உதறி அலசினாள். தண்ணீர் முன்னைவிடப் பச்சையாயிற்று. "எல்லாம் துணியிலதாண்டி தங்கியிருக்கு. எழுந்து வா" என்றாள். எனக்கு ஏன் அது தோன்றவில்லை என்று ரயில் முழுக்க யோசித்துக்கொண்டே போனேன்.

தேர்வில், வெளியூரிலிருந்து வந்த எக்ஸாமினர் மைக்ராஸ்கோப்பில் குனிந்தவர் நிமிரவே இல்லை. நீர்ப்பூச்சிகள் அப்படி மொய்த்தன.

"எந்த வலையிலம்மா புடிச்சீங்க?"

"வலை இல்ல சார். வீட்டுத் துணி" என்றாள். இருவருமே தேறினோம்.

தேர்வன்று சாயங்காலமே என் பையை எடுக்க அவளோடு போனேன். உம்மா வாசலிலேயே நின்றிருந்தார்.

"தண்ணி சுத்தமா இருந்துச்சா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு உம்மா. நீங்க வடிகட்டுனதாலதான்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அதில் பொய்யும் இல்லை.

இன்றைக்கும் வீட்டில் யாராவது பிரியத்தால் எதையாவது கெடுத்து வைத்தால் கோபம் வாய்வரை வருகிறது. அவளை நினைத்துக்கொண்டு, முதலில் அந்தத் துணி எங்கே என்று தேடுகிறேன்.