குடிலுக்குள் ஒரு நடவு

பாப்பாவுக்கும் தம்பிக்கும்,

கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் எப்படிக் கட்டுவது, குடில் எப்படி வைப்பது என்று போனில் கேட்டீர்கள். கடையில் வாங்கினது வேண்டாம், பிள்ளைகளுக்குக் கையால் செய்து காட்ட வேண்டும் என்று சொன்னீர்கள். நல்ல காரியம். அம்மா குவைத்தில் இருந்த வருஷம் செய்தோமே, அதே மாதிரி வேண்டும் என்கிறீர்கள். அம்மாவிடம் கேட்டேன். "அந்த வருஷம் நான் எங்க இருந்தேன்? நீங்களே எழுதுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். எட்டாவதோடு நின்றவன் நான். எனக்கு வந்த மாதிரி எழுதுகிறேன்.

அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் நாலைந்து மாதம் ஆகியிருந்தது. நம் தெருவில் அப்போது யார் வீட்டிலும் போன் கிடையாது. கூத்தாநல்லூர்க்கார பாய் ஒருவர் கடைத்தெருவில் போன் பூத் வைத்திருந்தார். அம்மா அங்கேதான் கூப்பிடுவாள். பாய் கடைப் பையனை சைக்கிளில் அனுப்புவார், நான் ஓடுவேன். நவம்பர் கடைசியில் ஒரு தடவை பேசினாள்.

"என்னங்க, அடுத்து பண்டிகை அன்னைக்குக் காலையிலதான் பேச முடியும். வீட்டுக்காரம்மா அன்னைக்கு ஒரு தடவ பேசிக்கன்னு சொல்லிருக்காங்க. ஸ்டார் கட்டிருங்க. குடில் வச்சிருங்க."

"ஆச்சு ஆச்சு, எல்லாம் வச்சிருவோம்."

"நீங்க எதக் கேட்டாலும் ஆச்சும்பீங்க. பாப்பா சொல்லி நான் கேக்கணும்."

வீட்டுக்கு வந்து பாப்பாவிடம் சொன்னேன். அவளுக்கு அப்போது பதினோரு வயது. பாயில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"அம்மா வந்தப்புறம் வச்சிக்கலாம்."

"அம்மா வர ரெண்டு வருஷம் ஆவும்மா."

"ஆவட்டும். நீங்க வச்சிக்குங்க. நான் எதையும் தொடமாட்டேன். அம்மா கேட்டா அப்புடியே சொல்லிருவேன்."

பாப்பா, உனக்கு அந்தக் கோபம் எதன்மேல் என்று எனக்குத் தெரியும். அதட்டி உன்னை உட்கார வைத்திருக்கலாம். போனில் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தும் இருக்கலாம். ஆனால் உன் அம்மாவுக்குக் குரலை வைத்தே தெரிந்துவிடும். அதனால் ஒன்று முடிவு பண்ணினேன். இந்தப் பிள்ளை கைகொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் நம் வீட்டில் ஸ்டாரும் குடிலும் இருக்கும். அதை நான் என் கையால் செய்வேன். ஒரு தடவை கெட்டால் இன்னொரு தடவை செய்வேன்.

கெடத்தான் செய்தது.

முதலில் ஸ்டார். மூங்கிலைச் சிம்பாகச் சீவி ஐந்து முனை வருகிற மாதிரி இரண்டு சட்டம் கட்ட வேண்டும். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து முனைகளைச் சேர்த்துக் கட்டிவிட்டு, நடுவில் உள்பக்க மூலைகளில் சாண் நீளக் குச்சிகளை நெம்பி நிறுத்தினால் வயிறு உப்பி நிற்கும். கட்டுவதற்கு நூலைவிடப் பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து வைத்துக்கொள்வது நல்லது, இறுகிக்கொள்ளும். இதுவரைக்கும் எனக்குச் சிரமம் இல்லை. படல் கட்டுகிற வேலைதான். திருத்துறைப்பூண்டியிலிருந்து சிவப்புக் கலர் பேப்பர் வாங்கி வந்து, மைதாப் பசை காய்ச்சி ஒட்டினேன். தம்பி வாசல் வேப்பமரத்துக் கிளையைக் காட்டி, அங்கேதான் தொங்க வேண்டும் என்றான். தொங்கவிட்டேன். அன்று சாயங்காலமே மழை. டிசம்பரில் நம் ஊரில் மழை பெய்யாமல் என்ன செய்யும்? சாயம் கரைந்து வாசலெல்லாம் சிவப்பு ஓடியது. தம்பி அழுதான். பாப்பா வாசல்படியில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் சட்டத்தைத் துடைத்துக் காய வைத்தேன். யூரியா மூட்டைக்கு உள்ளே ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பை இருக்குமே, அதைக் கழுவி வெட்டி, கோணி ஊசியால் மூங்கிலோடு சேர்த்துத் தைத்தேன். உள்ளே ஜீரோ வாட்ஸ் பல்பு மட்டும்தான் போட வேண்டும். பெரிய பல்பு போட்டால் பிளாஸ்டிக் உருகிவிடும், ஞாபகம் இருக்கட்டும். விளக்கைப் போட்டதும் பால் மாதிரி வெளிச்சம் வந்தது. அந்தப் பக்கமாக வந்த பாய் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்.

"என்ன மாப்ள, நட்சத்திரத்துக்கு மழைக்கோட்டு மாட்டி உட்டுருக்க?"

"ஊர்ல மழ பெய்யிதுல்ல பாய்."

"பெய்யட்டும் பெய்யட்டும். இது அடுத்த வருஷத்துக்கும் தாங்கும்."

தாங்கியது. மூன்று வருஷம் அதையே கட்டினோம்.

இனி குடில். அம்மா குடிலுக்குத் தேங்காய்ச் சிரட்டைகளில் கேழ்வரகு தெளித்து வைப்பாள். பண்டிகைக்குச் சரியாக விரற்கடை உயரம் பச்சையாக நிற்கும். அதை எப்போது தெளிப்பாள் என்று நான் கவனித்ததே இல்லை. நெல் விதைக்கிறவன் வீட்டில் எதற்குக் கேழ்வரகு என்று எனக்கு ஒரு வீறாப்பு. திருவருகைக் காலத்து முதல் ஞாயிறு, பண்டிகைக்கு நாலு வாரம் இருக்கும்போதே, பூசை முடிந்து வந்ததும், சிமெண்டு அள்ளுகிற இரும்புச் சட்டிகள் இரண்டில் வயல் மண்ணைப் போட்டு, முளைகட்டிய விதைநெல்லைத் தெளித்தேன். கொல்லையில் வைத்து, காலையிலும் மாலையிலும் பார்த்தேன். லேசாக யூரியாவும் தூவினேன். நாற்று கருகருவென்று எழுந்தது. தினமும் பார்த்து எனக்குப் பெருமைதான். நாற்று உயர்ந்தால் சந்தோஷப்பட்டே பழகிய கண். இது குடிலுக்கு என்பது அந்தக் கண்ணுக்குத் தெரியவில்லை.

பண்டிகைக்கு முந்தின நாள் நானும் தம்பியும் முன்கட்டில் பெஞ்சைப் போட்டு, வைக்கோலால் கூரை வேய்ந்து, மாதா, சூசையப்பர், இடையர்கள், ஆடு, ஒட்டகம் என்று சுரூபங்களைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்தோம். எல்லாம் ஒரு சாண் உயரப் பொம்மைகள்தான். சட்டிகளைத் தூக்கி வந்து முன்னால் வைத்தேன். தம்பிதான் முதலில் கத்தினான்.

"அப்பா! சூசையப்பரக் காணும்பா!"

சூசையப்பரை மட்டுமா? மாதாவின் முக்காடு தெரியவில்லை, இடையர்கள் தெரியவில்லை. ஒட்டகத்தின் மூக்கு மட்டும் நாற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. உப்பு வாங்க வந்த பக்கத்து வீட்டு அண்ணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"கொழுந்தனாரே, ராசாக்க மூணு பேரும் வந்து சேர்றதுக்குள்ள அறுப்பு வந்துரும் போலருக்கே!"

"போங்கண்ணி, நீங்க வேற."

பாப்பா பாயிலிருந்து எட்டிப் பார்த்தாள். சிரிப்பு வந்தது அவளுக்கு. வாயை மூடிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

விடிந்தால் போன். சட்டியை வெளியே வைத்துவிட்டு, கடையில் பச்சைப் பேப்பர் வாங்கிப் போட்டுவிடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். மனசு கேட்கவில்லை. நாற்று உயர்ந்துவிட்டால் விவசாயி என்ன செய்வான்? பறித்து நடுவான். அதையே செய்வோம் என்று முடிவு பண்ணினேன். ஸ்டாருக்கு வெட்டியது போக மிச்சமிருந்த பிளாஸ்டிக்கைப் பெஞ்சின்மேல் விரித்து, சுற்றிலும் வரப்புக் கட்டி, சேற்றைக் குழைத்துப் பரப்பினேன். நாற்றைப் பறித்து, வேரை அலசி, நுனியைக் கிள்ளினேன். பூச்சி முட்டை போவதற்காக வயலிலேயே கிள்ளுவதுதான். இங்கே சூசையப்பருக்காகக் கொஞ்சம் அதிகமாகக் கிள்ளினேன்.

பிறகு நட ஆரம்பித்தேன். நம் பக்கத்தில் நடவு பெண்கள் வேலை. ஆண்கள் உழுவோம், சேறடிப்போம், நாற்றுப் பறித்து முடி முடியாக, கட்டுக் கட்டாகத் தூக்கிப் போடுவோம். நடுகிற கை உன் அம்மாவின் கை. ஊரில் யார் வயலில் நடவென்றாலும் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். நான் எனக்குத் தோன்றியபடி முன் ஓரத்திலிருந்து நட்டுக்கொண்டு உள்ளே போனேன். உள் வரிசைக்குக் கையை நீட்டும்போது நட்டதெல்லாம் முழங்கை பட்டுச் சாய்ந்தது. நிமிர்த்தினேன். மறுபடி சாய்ந்தது. நிமிர்த்தினேன்.

"பின்னாடி போயிக்கிட்டேதான் நடணும்."

பாப்பாவின் குரல். கணக்கு நோட்டு மடியில் இருந்தது, கண் சேற்றில் இருந்தது.

"எப்புடிம்மா?"

"அந்தக் கடைசிலேர்ந்து ஆரம்பிச்சி இந்தப் பக்கமா வரணும். ஆழமா குத்தாதீங்க. பெருவெரலால மண்ண அணைக்கணும். அம்மா அப்புடித்தான் நடுவாங்க."

"நான் ஆம்பளம்மா. எனக்கு நடவு எங்க தெரியும்?"

இதை நான் தந்திரமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரியாது. இரண்டு கையும் சேறாக நின்றேன். பாப்பா நோட்டைக் கீழே வைத்தாள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள்.

"தள்ளுங்க."

லீவு நாட்களில் அம்மாவோடு வயலுக்குப் போய் வரப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளை நீ. எத்தனை நடவு பார்த்திருப்பாய்! நாற்று முடியை இடது கையில் வாங்கிக்கொண்டு வலது கையால் பிரித்துப் பிரித்து வைத்தாய். ஒன்றும் சாயவில்லை. நான் சேறடிக்கிற ஆளாக, நாற்று எடுத்துக் கொடுக்கிற ஆளாக நின்றேன். தம்பி ஆட்டுக்குட்டிகளை வரப்பில் நிறுத்தினான்.

"அக்கா, ஆடு நாத்தத் தின்னுரும்."

"கட்டிப் போடுறா."

அவன் நூல் எடுத்துச் சுரூப ஆட்டின் கழுத்தில் நிஜமாகவே கட்டினான். எல்லாம் முடிந்ததும் மிச்சமிருந்த நாற்று முடியைப் பாப்பா தூக்கிப் போடவில்லை. வரப்போரம் மூலையில் அப்படியே குத்தி வைத்தாள்.

"எங்கயாச்சும் அழுவிப் போனா நடறதுக்கு. அம்மா எப்பவும் இப்புடி வச்சிட்டுத்தான் கரையேறுவாங்க."

காலையில் பூசை முடிந்து, புதுத்துணியோடு மூன்று பேரும் பூத்துக்கு ஓடினோம். மணி அடித்ததும் பாய் ரிசீவரை என்னிடம் நீட்டினார். எனக்கு முன்னால் பாப்பா வாங்கிக்கொண்டாள். அந்தப் பக்கம் என்ன கேட்டது என்று எனக்குக் கேட்கவில்லை. இந்தப் பக்கம் மட்டும் கேட்டது.

"ம்... கட்டிருக்கும்மா. உரச் சாக்குல. நெசமாத்தான்... குடிலா? அப்பா நாத்த ரொம்ப வளர உட்டுட்டாங்க! சூசையப்பரு முங்கிட்டாரு. ஒட்டகத்துக்கு மூக்கு மட்டுந்தான்... இரும்மா, சொல்றேன்ல... நான்தான் நட்டேன். நான் மட்டுந்தான். அப்பா நட்டதெல்லாம் சாஞ்சி போச்சி. பின்னாடி போயிதான்... ம். முடியும் குத்தி வச்சிருக்கேன்."

பாப்பா ரிசீவரை என்னிடம் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைக்காமல் ரோட்டைப் பார்த்து நின்றாள்.

"என்னங்க, நாத்துக்கு யூரியா போட்டீங்களா?"

"லேசாத்தான்."

சிரித்தாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் கேட்டது.

"கோணலா நட்டுருக்கா?"

"நூல் புடிச்ச மாரி இருக்கு."

"சரி. வச்சிர்றேன்." வைத்துவிட்டாள்.

இவ்வளவுதான் செய்முறை. கேழ்வரகோ நெல்லோ, எட்டு பத்து நாளைக்கு முன்னால் தெளித்தால் போதும். யூரியா வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு, உங்கள் இரண்டு பேருக்கும் தெரியாதது. ஜனவரியில் மூன்று ராசாக்கள் திருநாள் முடிந்து குடிலைப் பிரித்தபோது நீங்கள் பள்ளிக்கூடம் போயிருந்தீர்கள். மூலையில் குத்தி வைத்த அந்த முடி மட்டும் மஞ்சள் தட்டாமல் இருந்தது. அதை ஈரச் சாக்கில் சுருட்டிக்கொண்டு வயலுக்குப் போனேன். சம்பா கதிர் சாய்ந்து நின்றது. அந்த நேரத்தில் நாற்று நடுகிறவனைப் பார்த்தால் ஊர் சிரிக்கும். மதகோரத்தில் தண்ணீர் தேங்கிப் பயிர் அழுகிப்போன திட்டு ஒன்று காலியாகக் கிடந்தது. ரோட்டில் ஆள் இல்லையே என்று பார்த்துக்கொண்டேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, திட்டின் கடைசியில் இறங்கிக் குனிந்தேன். முதல் குத்து சாய்ந்தது. பிடுங்கி மறுபடி வைத்து, பெருவிரலால் மண்ணை அணைத்தேன். நின்றது. காலை ஓரடி பின்னால் வைத்து அடுத்ததை நட்டேன்.