வாவியில் ஒரு செக்கிங்

காத்தான்குடியிலிருந்து மட்டக்களப்பு டவுனுக்கு ஓடும் தனியார் பஸ்ஸில் முப்பத்தொரு வருஷம் கொண்டக்டராக நின்றவர் அப்துல் கபூர். ஐம்பது பேர் கொள்ளும் பஸ்ஸில் எண்பத்தேழு பேரை ஏற்றிவிட்டு, "பின்னுக்கு இடம் கிடக்கு, பின்னுக்குப் போங்க" என்று சத்தியம் பண்ணுகிற குரலில் சொல்லுவார். சனமும் பின்னுக்கு ஒரு தனி அறையே இருக்கிறதாக்கும் என்று நம்பியது போல நகரும். அது பொய் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் காலை ஏழரை மணிக்கு அந்தப் பொய் இல்லாவிட்டால் பாதிப் பேர் வேலைக்குப் போய்ச் சேர முடியாது.

ஐம்பத்தெட்டு வயதில் முழங்கால் மக்கர் பண்ணத் தொடங்கியது. மிதிபலகையில் தொங்க முடியவில்லை. பஸ் முதலாளி பெருநாளுக்கு உடுக்கிற மாதிரி ஒரு புதுச் சாரனையும் சேட்டையும் கையில் கொடுத்து, அண்ணனை அழைக்கிற உரிமையோடு, "காக்கா, இனி வூட்ட இருந்து ஓய்வெடுங்க" என்றார்.

ஓய்வெடுத்தது கபூர், களைத்துப் போனது அவர் மனைவி றஸீனா. மகள் இர்ஷானா குடும்பத்தோடு சாப்பிட வந்தால், மூன்று பேர் இருக்கிற சோபாவில் ஆறு பேரை இருத்திவிட்டு ஏழாவது ஆளைத் தேடுவார். அடுப்படியில் இரண்டு பெண்கள் நின்று கதைத்தால், "வழியில நிக்காதீங்க, உள்ளுக்குப் போங்க" என்பார்.

"இஞ்ச பாருங்க, இது வூடு" என்றாள் றஸீனா. "ஒரு ஆளுக்கு ஒரு கதிரை. அவ்வளவுதான்."

கபூர் சிரித்து மழுப்பினார். ஆனால் விடியற்காலைச் சுபஹ் தொழுகை முடித்துவிட்டு, பழைய பழக்கத்தில் சேட்டைப் போட்டுப் பொத்தானும் பூட்டிய பிறகு, போக ஒரு இடமில்லை என்பது நினைவுக்கு வரும். அந்த நேரம் நெஞ்சில் ஏறும் பயத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. இனி தான் ஒருத்தருக்கும் தேவைப்படப்போவதில்லை என்ற பயம் அது.

அந்த நாட்களில்தான் வாவியில் பயணிகள் படகு விடும் யோசனை வந்தது. பிரதான வீதியில் காலை நேரம் ஆறு கிலோமீற்றருக்கு ஐம்பது நிமிஷம் போகிறது. ஆட்டோ, மோட்டார் சைக்கிள், பள்ளிக்கூட வேன் எல்லாம் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்க, பக்கத்திலேயே அகலமான வாவி சும்மா கிடந்தது. நாற்பது இருக்கை கொண்ட போட்டு ஒன்று வந்தது. காத்தான்குடியில் ஏறி, நாவற்குடாவில் ஒரு ஹோல்ட்டில் நிறுத்தி, பிறகு நேரே டவுன். கொண்டக்டர் வேலைக்கு ஆள் தேடினார்கள். கபூருக்காக விண்ணப்பம் எழுதியது றஸீனா. "இவரை எடுத்தால் எங்கள் குடும்பத்துக்குப் பேருதவி" என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தாள்.

எடுத்தார்கள், ஆனால் மூன்று நாள் வெள்ளோட்டத்துக்கு மட்டும். கொண்டக்டர் வேண்டுமா, படகுத்துறையில் ஒரு டிக்கட் மெசின் போதுமா என்பதைக் கூடவே வந்து பார்த்து முடிவு செய்வது பொறியியலாளர் சதீஸ் என்பவரின் பொறுப்பு.

முதல் நாள் கபூர் ஆளில்லாத கரையில் நின்று, "நாவற்குடா, டவுன்! நாவற்குடா, டவுன்!" என்று கத்தினார். இரண்டு கொக்குகள் எழும்பிப் பறந்தன. இருபது பேர்தான் வந்தார்கள். போட்டின் பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டி "றைட்!" என்றார். போட்டை ஓட்டுகிற சிறில் தலைமுறை தலைமுறையாக மீன் பிடிக்கிறவர்; பஸ் பாஷை தெரியாது. எதிலோ இடித்துவிட்டது என்று பதறி இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீருக்குள் எட்டிப் பார்த்தார். சதீஸ் கொப்பியில் எதையோ எழுதினார்.

இரண்டாம் நாள், "காக்கா, கத்தவும் வேணாம் தட்டவும் வேணாம். பேசாம ஒரு இடத்தில இரிங்க. அறிவித்தல் எல்லாம் ஸ்பீக்கர்ல வரும்" என்றார் சதீஸ். மூன்று மொழியில் ஒரு பெண் குரல் மிக மரியாதையாகப் பேசியது. கபூர் பெட்டிப்பாம்பாக ஒரு மூலையில் அடங்கிக் கிடந்தார். பின்னேரம் வீட்டிலும் வாய் திறக்கவில்லை. றஸீனா பயந்துபோய் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் நாற்பது இருக்கையும் நிரம்பிவிட்டது. விஷயம் கேள்விப்பட்டு பஸ்ஸில் போகிற சனமெல்லாம் போட்டுக்கு வந்திருந்தது. நாவற்குடாவில் ஏறிய மேர்லின் டீச்சர், "பதினைஞ்சு நிமிசமாம் காக்கா. நான் முதலாம் பாடத்துக்கே போயிருவன் போல" என்று வியந்தார். கபூருக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் கண் அடிக்கடி சதீஸின் கொப்பிப் பக்கம் போனது.

டவுன் துறை கண்ணில் பட்டது. இன்னும் இருநூறு மீற்றர் தண்ணீர் இருந்தது.

மட்டக்களப்பில் பஸ் ஏறுகிற எவருக்கும் ஒரு பழக்கம் உண்டு. இறங்குகிற இடத்துக்கு ஒரு ஹோல்ட் முன்பே எழும்பி, பையைத் தோளில் போட்டு, வாசலில் போய் நெருங்கி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பஸ் அடுத்த ஊருக்கே கொண்டுபோய்விடும். நாற்பது பேரும் அந்தப் பழக்கத்தில் ஒன்றாக எழும்பினார்கள். வாசல் இடப்பக்கம் இருந்தது. நாற்பது பேரும் இடப்பக்கம் போனார்கள்.

போட்டு சரிந்தது. மேர்லின் டீச்சரின் சோற்றுப் பெட்டி வலமிருந்து இடமாக வழுக்கிப் போனது. "தயவுசெய்து ஆசனங்களில் அமர்ந்திருக்கவும்" என்றது பெண் குரல். யாரும் கேட்கவில்லை. "இரிங்க! இரிங்க!" என்று சிறில் கத்தினார். பயத்தில் சனம் இன்னும் வாசலைத்தான் இறுக்கிப் பிடித்தது. சதீஸுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விளிம்பைத் தாண்டித் தண்ணீர் உள்ளே தெறித்தது.

கபூர் எழும்பினார். மூச்சை இழுத்து, முப்பத்தொரு வருஷத்துக் குரலையும் சேர்த்து ஒரே சத்தமாக விட்டார்.

"செக்கிங்! செக்கிங் ஏறுது! டிக்கட்ட எடுங்க, டிக்கட்ட எடுங்க!"

அவ்வளவுதான். பஸ்ஸில் டிக்கட் பரிசோதிக்கிற செக்கர் ஏறினால் இருக்கையில் இருந்தபடியே டிக்கட்டைக் காட்ட வேண்டும் என்பது சனத்தின் இன்னொரு பழக்கம். நாற்பது பேரும் அவரவர் இருக்கைக்குப் பாய்ந்து, பையை மடியில் வைத்துக் கிண்டத் தொடங்கினார்கள். அபாயாக்காரப் பெண்கள் பேர்சைத் திறந்தார்கள்; கந்தோரில் வேலை செய்கிறவர்கள் சட்டைப் பையைத் தடவினார்கள்; மேர்லின் டீச்சர் சோற்றுப் பெட்டியை மறந்து கைப்பையைக் கவிழ்த்தார். போட்டு மெல்ல நிமிர்ந்தது. சதீஸும் தன் இரண்டு பொக்கற்றையும் தேடிக்கொண்டிருந்தார். அவர் மூன்று நாளாக இலவசமாக வருகிறவர் என்பது அவருக்கே மறந்து போயிற்று.

"காக்கா," என்றார் டீச்சர், டிக்கட்டைக் கையில் பிடித்தபடி. "நடுத்தண்ணிக்குள்ள செக்கர் எங்கால ஏறுவான்?"

நாற்பது தலையும் தண்ணீரைத் திரும்பிப் பார்த்தன. பிறகு சிரிப்பு வெடித்தது.

"சிரிங்க, நல்லாச் சிரிங்க. ஆனா ஒழும்பாதீங்க!" என்றார் கபூர். "போட்டக் கரையில கட்டின மறுகா நான் சொல்லுற வரிசைதான் ஒழும்பணும். ஒண்டு முடிஞ்சாத்தான் மத்தது." சனம் அவர் விரலைப் பார்த்துப் பார்த்து வரிசை வரிசையாக இறங்கியது. கடைசி ஆள் கரையேறிய பிறகுதான் கபூருக்குத் தன் முழங்கால் நினைவு வந்தது. பலகையில் இருந்துவிட்டார்.

சதீஸ் கொப்பியோடு வந்து பக்கத்தில் இருந்தார். முகம் இன்னும் வெளுத்திருந்தது.

"காக்கா, ஒண்டு சொல்லணும். துறையில ஒரு மெசின் வச்சாப் போதும், கொண்டக்டர் தேவையில்ல எண்டு நேத்தே எழுதிட்டன்."

கபூர் தலையைக் குனிந்துகொண்டார். எதிர்பார்த்ததுதான். ஆனாலும் காதால் கேட்டபோது வலித்தது.

சதீஸ் பேனையை எடுத்து அந்தப் பக்கத்தில் குறுக்காக ஒரு கோடு இழுத்தார். "மெசினுக்கு இப்பிடிப் பொய் சொல்லத் தெரியாது."

கபூர் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு அர்த்தம் தான் நினைப்பதுதானா என்று உறுதிப்படுத்திக்கொள்ள அவருக்கு ஒரே ஒரு கேள்வி தேவைப்பட்டது.

"அப்ப... நாளைக்கு நான் எத்தின மணிக்கு வரணும் சேர்?"

"ஆறு மணிக்கு."

"அஞ்சரைக்கே நிப்பன்" என்றார் கபூர். கண் நிறைந்து வழிந்தது. அதைத் துடைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.