ஆரத்தித் தண்ணீர் ஒட்டாத பனியன்

போன மாதம் ஈப்போவில் என் பேத்தியின் வாள்வீச்சுப் போட்டிக்குப் போயிருந்தேன். வாள் என்றால் வெட்டுகிற வாள் இல்லை, வளைகிற கம்பி. பேத்தி அதை வைத்துப் பிழைக்கிறவளும் இல்லை. வாரம் முழுக்க மருந்துக்கடையில் வேலை, ஞாயிற்றுக்கிழமை வாள். அவ்வளவுதான்.

ஆட்டம் தொடங்குவதற்கு முன் இரண்டு பெண்களும் எதிரெதிரே நின்று, ஒருத்தியின் சட்டையை மற்றவள் வாள்நுனியால் தொட்டுப் பார்த்தார்கள். தொட்டபோது மேசைமேல் விளக்கு எரிந்தது. ஆட்டம் முடிந்து வந்தவளிடம் அது எதற்கு என்று கேட்டேன்.

"சில சட்டையில அங்கங்க கரண்ட் செத்துப் போயிருக்கும் தாத்தா. குத்தினாலும் விளக்கு எரியாது. முதல்லயே பார்த்துக்கலன்னா குத்தினவளுக்குத்தான் நட்டம்லா" என்றாள்.

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். முன்வரிசையில் இருந்த சீன அம்மா திரும்பி முறைத்தார். அவருக்கு என்ன தெரியும்? பட்டாலும் காட்டாத சட்டையை நான் சிறுபிள்ளையிலேயே பார்த்தவன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நாலாம் வகுப்புக்குமேல் நான் பள்ளிக்கூடத்தை மிதித்ததில்லை. ஆனால் ஜெலாப்பாங்கில் உள்ள என் லாரிப் பட்டறைக்கு வந்து எவனும் என்னை ஏமாற்றிவிட்டுப் போனதில்லை. எஞ்சின் சத்தத்தை வைத்தே, வண்டியைக் கொண்டுவந்தவன் பொய் சொல்கிறானா என்று கண்டுபிடிப்பேன். புந்தோங்கில் வீடு கட்டியது, பிள்ளைகளைப் படிக்கவைத்தது எல்லாம் இந்தச் சந்தேகப் புத்தியால்தான். அது எனக்குப் பிறவியிலேயே வந்தது.

நான் சிறுபிள்ளையாக இருந்தபோது நாங்கள் ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். கல்யாணமாகாத என் சித்தப்பா எங்களோடுதான் இருந்தார். காலையில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுப்பார், மாலையில் சிலம்பம் சுற்றுவார். ஆண்டுதோறும் மாரியம்மன் திருவிழாவில் எங்கள் தோட்டத்துக்கும் ஆற்றுக்கு அக்கரைத் தோட்டத்துக்கும் சிலம்பப் போட்டி நடக்கும். கம்பின் நுனியில் துணி சுற்றி, மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆரத்தித் தண்ணீரில் நனைப்பார்கள். ஆடுகிறவர்கள் வெள்ளைப் பனியன் போடவேண்டும். கம்பு பட்ட இடத்தில் சிவப்புப் புள்ளி விழும். கடைசியில் எவன் பனியனில் புள்ளி குறைவோ அவன் ஜெயித்தவன். எங்கள் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியார்தான் புள்ளி எண்ணுவார்.

அந்த வருடம் சித்தப்பாவுக்கு அது வெறும் விளையாட்டு இல்லை. அக்கரைத் தோட்டத்து ஆட்டக்காரனின் தங்கையை அவருக்குப் பிடித்துப்போயிருந்தது. அப்பா ஆள்விட்டுப் பெண் கேட்டார். அண்ணன்காரன் பதில் சொல்லியனுப்பினான்: "மொதல்ல என் கம்ப மீறி வரச் சொல்லுங்க. பொறவு பொண்ணப் பத்திப் பேசலாம்."

தோற்றால் பெண் கிடையாது. அக்கரைக்காரர்கள் என்னவாவது தில்லுமுல்லு செய்வார்கள் என்று எனக்கு அன்றே தெரிந்துவிட்டது. அக்கரைக்கே போய் அவர்கள் கம்புகளை வேலிச் சந்து வழியாக நோட்டம் பார்த்தேன். ஆரத்திக் குடத்தை மோந்து பார்த்து, பூசாரியிடம் தலையில் குட்டு வாங்கினேன். திருவிழாவுக்காகப் பாரிட் புந்தாரிலிருந்து வந்திருந்த சின்னம்மாவைக்கூட நான் விடவில்லை. சின்னம்மா என்றால் அம்மாவின் தங்கை. அம்மா தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அவளுக்குப் போட்டிருந்தாள். இவள் அதைத் தொலைத்துவிடுவாள் என்று எனக்குச் சந்தேகம். அடிக்கடி அவள் கழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

போட்டிக்கு முதல் நாள் மத்தியானம் அம்மா வீட்டுக்குப் பின்னால் சித்தப்பாவின் பனியனை விரித்துவைத்து, டின்னிலிருந்த ரப்பர் பாலைக் கோழி இறகால் மெலிதாகத் தடவிக்கொண்டிருந்தாள். தம்பிப் பாப்பாவுக்கு விரிக்கிற துணிக்கும் அம்மா இப்படித்தான் பால் தடவிக் காயவைப்பாள். அதில் தண்ணீர் இறங்காது, மூத்திரமும் இறங்காது. பார்த்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது.

"சாயம் ஒட்டாதுதானம்மா?" என்றேன்.

அம்மா இறகைக் கீழே வைத்தாள். "உனக்கு மூளை ஜாஸ்திடா. யாருகிட்டயும் மூச்சு விடாத. சித்தப்பாகிட்டயும்தான். அவரு ரோஷக்காரரு, தெரிஞ்சா போட மாட்டாரு."

எங்கள் வீட்டிலும் ஒரு கெட்டிக்காரி இருக்கிறாள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. மறுநாள் பனியனைப் போடும்போது சித்தப்பா, "என்னா அண்ணி, வெறப்பா இருக்கு?" என்றார். "கஞ்சி போட்டிருக்கு தம்பி. ஜெயிச்சிட்டு வாங்க" என்றாள் அம்மா. ரப்பர் வாடை அவருக்குத் தெரியவில்லை. தோட்டத்தில் எல்லார் மேலும் எப்போதும் அந்த வாடைதான்.

கோயில் முன்னால் கூட்டம் கூடியது. இரண்டு பேரும் கம்பைத் தரையில் தொட்டுக் கும்பிட்டார்கள். நான் முன்னால் போய்க் குந்திக்கொண்டேன். கிராணியார் விசிலை வாயில் வைக்கப்போகும்போது பெண்கள் பக்கத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"கிராணியாரே, கொஞ்சம் பொறுங்க. அக்கரையில பனியன்ல என்னத்தத் தடவிக் கொண்டாந்திருக்காங்களோ. ரெண்டு பேரையும் மாத்திப் போடச் சொல்லுங்க."

அக்கரை ஆட்டக்காரன் சிரித்தான். "சந்தேகமா? இந்தாங்க அக்கா, உங்க கொழுந்தனாருக்கே குடுங்க" என்று பனியனைக் கழற்றி வீசினான். சித்தப்பாவும் கழற்றிக் கொடுத்தார். கிராணியார் தலையாட்டினார். நான் அம்மாவைப் பார்த்துக் கையை ஆட்டினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

சித்தப்பா அன்று ஆடியதுபோல் அதற்குப் பிறகு நான் யார் ஆடியும் பார்த்ததில்லை. கம்பு அக்கரைக்காரனின் தோளில் பட்டது, விலாவில் பட்டது, நெஞ்சில் பட்டது. பட்ட இடத்தில் சிவப்புத் தண்ணீர் சேம்பு இலையில் விழுந்த மழைபோல் உருண்டு கீழே போய்விட்டது. ஆடுகிற வேகத்தில் அதை யார் கவனிப்பார்கள்? எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். சித்தப்பா மேல் பட்ட இடமெல்லாம் புள்ளி பூப்போல் விரிந்து நின்றது.

"தோள்ல பட்டுச்சு கிராணியாரே. நல்லாப் பாருங்க" என்றார் சித்தப்பா.

"பட்டா புள்ளி இருக்கணும்லா தம்பி. புள்ளி எங்க?"

"காத்துல கோலம் போடுறாருப்பா மாப்ள" என்று அக்கரைக் கூட்டத்தில் ஒருவன் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். நான் வாயைத் திறந்தால் எங்கள் வீட்டுத் திருட்டு வெளியே வரும், சித்தப்பா ஊரில் தலைகாட்ட முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சித்தப்பா தோற்றார்.

அக்கரைக்காரனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். அவன் தங்கை கோயில் தூணோடு ஒட்டி நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் ஜெயித்ததற்கு யாராவது அழுவார்களா? சரியான நடிப்பு என்று நினைத்தேன்.

சித்தப்பா கோயிலுக்குப் பின்னால் தண்ணீர்த்தொட்டி ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு எதுவானாலும் கொண்டுபோய்க் கொடுப்பது எப்போதும் நான்தான். அன்றைக்கு அம்மா ஒரு செம்பு மோரைச் சின்னம்மா கையில் கொடுத்து, அவள் தலையில் இருந்த பூவைச் சரிசெய்து அனுப்பினாள். "நீ இங்கயே இரு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். வழியில் சின்னம்மா பாதி மோரைக் குடித்துவிடுவாள் என்று எனக்குச் சந்தேகம். எட்டி எட்டிப் பார்த்தேன். அவள் திரும்பிவர வெகுநேரம் ஆயிற்று.

அடுத்த தை மாதம் சித்தப்பாவுக்குக் கல்யாணம் நடந்தது. சின்னம்மாவைத்தான் கட்டினார். நான் அவளைக் கூப்பிடும் முறையைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

ஆனால் திருவிழா முடிந்து வீடு திரும்பிய அன்று எனக்கு அம்மாவை நினைத்துத்தான் பாவமாக இருந்தது. பதற்றத்தில், தான் பால் தடவிய பனியன் யார் உடம்பில் இருக்கிறது என்பதையே மறந்துவிட்டாளே. "பரவாயில்லம்மா, அவசரத்துல மறந்துட்ட" என்றேன்.

அம்மா என் தலையைத் தடவினாள். "ஆமாண்டா, மறந்துட்டேன்."

அவளைப் பிறகு தேற்றிக்கொள்ளலாம், முதலில் அக்கரைக்காரர்களின் திருட்டைப் பிடித்தாக வேண்டும். சித்தப்பா கழற்றிப் போட்ட அக்கரைப் பனியனை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். மோந்து பார்த்தேன், சுரண்டிப் பார்த்தேன். ஒரு குவளைத் தண்ணீரை அதன்மேல் ஊற்றினேன். தண்ணீர் சொட்டுக்கூட மிஞ்சாமல் உள்ளே இறங்கியது. வெறும் பனியன். தடயமே இல்லாமல் செய்திருக்கிறார்களே, எப்பேர்ப்பட்ட கைகாரர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே அம்மா சின்னம்மாவை உட்காரவைத்துத் தலைவாரிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் என்னவோ மெதுவாகப் பேசிச் சிரித்தார்கள். சங்கிலி இன்னும் சின்னம்மாவின் கழுத்தில்தான் இருந்தது. தொலையவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு, நிம்மதியாகப் படுக்கப் போனேன்.