கடைசி வீட்டின் அளவு

பணி ஓய்வுக்குப் பின் சில ஆண்டுகள், ஆவடியில் தொழிற்சாலை ஊழியர் குடியிருப்பு ஒன்றில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்பித்தேன். தொலைவில் உள்ளவை சிறுத்துத் தோன்றும்படி வரையும் முறைக்கு அவ்விடம் மிகவும் பொருந்தியது. ஒரே அளவில் கட்டிய வீடுகள் தெரு நெடுக நிரையாக நிற்கும். பிள்ளைகளைத் தெருமுனையில் அமர்த்தி, கூரைக்கோடும் தரைக்கோடும் சென்று கூடும் புள்ளியை முதலில் குறிக்கச் சொல்வேன். எஞ்சியதை அளவுகோல் பார்த்துக்கொள்ளும்.

அவர்களுள் ஒரு சிறுமிக்கு வயது பதினொன்று இருக்கும். தந்தை பணியில் இருக்கும்போதே இறந்துவிட்டார். வீட்டைக் காலி செய்யக் கொடுத்த தவணை அவ்வாரத்தோடு முடிவதாகத் தாய் என்னிடம் கூறியிருந்தார். போகுமுன் வீட்டை வரைந்து எடுத்துச் செல்ல மகள் விரும்புவதாகவும் சொன்னார். அவர்களுடையது நிரையின் கடைசி வீடு.

அச்சிறுமி மற்ற வீடுகளை முறைப்படி சிறுக்கவைத்துக்கொண்டே போய், கடைசி வீட்டை மட்டும் உள்ளங்கை அளவில், கதவும் சன்னலுமாக வரைந்திருந்தாள். அருகிலிருந்த தோழி எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி, உன் ஊடு மட்டும் கல்யாண மண்டபமாட்டம் கீது?"

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் முறுவலித்திருப்பேன். அழிப்பானால் அந்த வீட்டை நீக்கி, இரு கோடுகளுக்கு இடையே நகக்கண் அளவில் ஒரு கட்டம் போட்டுக் கொடுத்தேன்.

"இதுல கதவே தெரியலையே சார்."

"இங்கிருந்து பார்த்தால் தெரியாது" என்றேன்.

அவள் வகுப்பு முடிந்ததும் தாளை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனாள்.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. தெருவின் மறுமுனைக்கு நடந்தேன். வீடு பூட்டியிருந்தது. வேப்பம்பட்டுப் பக்கம் வாடகைக்குப் போய்விட்டார்களாம். தெருப்பெயர் எவருக்கும் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தேன். அம்முனையிலிருந்து அதுவே முதல் வீடு. மற்றவை அதன் பின்னால் வரிசையாகச் சிறுத்துச் சென்றன. வரையும் விதி சிறிதும் பிறழாமல் அவளை அங்கே அமர்த்தியிருக்கலாம். அத்தனை ஆண்டுகள் கற்பித்தவனுக்கு அன்று அது தோன்றவில்லை. வருத்தம் வருமென்று சற்று நின்றேன், வரவில்லை.

பிள்ளைகளை அங்கேயே வரச்சொல்லி வகுப்பைத் தொடங்கினேன். எல்லாத் தாள்களிலும் அந்த வீடு பெரிதாக அமைந்தது. சிலர் பூட்டையும் வரைந்திருந்தார்கள். கோடுகளைச் சரிபார்த்து, அவரவர் தாளை அவரவரிடம் திருப்பிக் கொடுத்தேன்.